துறைமுக நகரங்களும் சூசையின் பெட்டியும்

1

பள்ளிக்கூடத்து ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை கேட்டு எழுதியிருந்தீர்கள். தலைப்பையும் நீங்களே தந்துவிட்டீர்கள்: கடல் வணிகத்தால் வளர்ந்த கரையோர நகர அரசுகள். பழைய சரித்திர ரீச்சரை மறந்துபோகாமல் தேடிப் பிடித்ததற்கு நன்றி. அவுஸ்திரேலியாவுக்குப் போனவ இன்னும் தமிழ் எழுதுவாவோ என்று உங்களில் ஒருவராவது சந்தேகப்பட்டிருப்பீர்கள். எழுதுவேன். கைதான் முன்னைப்போல ஓடுவதில்லை.

மூன்று தரம் தொடங்கி மூன்று தரமும் கிழித்துப் போட்டேன். காரணம் என்னவென்றால், நீங்கள் கேட்ட அதே கிழமையில் மெல்பேர்ண் துறைமுகத்துப் பரிசோதனைக்காரரிடமிருந்தும் எனக்கு ஒரு கடிதம் வந்தது. ஊரிலிருந்து என் பெயருக்கு வந்த பெட்டி ஒன்றைத் தடுத்து வைத்திருக்கிறார்களாம். ஒரு பக்கம் உங்கள் கடிதம், மறுபக்கம் அவர்கள் கடிதம். இரண்டையும் ஒரே மேசையில் வைத்துக்கொண்டு எழுத உட்கார்ந்ததில் ஒன்றுக்குள் ஒன்று போய்விட்டது. பிரித்தெடுக்க என்னால் முடியவில்லை, ஆனபடியால் அப்படியே அனுப்புகிறேன். மலரில் போடக்கூடியதா என்பதை நீங்கள் பாருங்கள்.

பெட்டியை அனுப்பியவன் என் தம்பி சூசை. உங்களில் பலருக்கு அவனைத் தெரியும். கூட்டாளி லம்பேட்டோடு ஒரே மீன்பிடி வள்ளத்தில் பங்குக்குத் தொழில் செய்தவன். அவன் இறந்து நாளையோடு முப்பத்தொரு நாள். இங்கே நான் இருக்கிற நோபல் பார்க் கோயிலில் பூசைக்குச் சொல்லியிருக்கிறேன்.

2

சரி, முதலில் பாடம்.

ஒன்பதாம் வகுப்பில் நான் உங்களுக்குச் சொல்லித்தந்தது நினைவிருக்கும். நல்ல துறை, வளமான பின்னிலம், பலமான அரசன். இவை மூன்றும் இருந்தால் நகரம் எழும். பரீட்சைக்கு அது போதும், நீங்களும் அதை எழுதிப் பாஸ் பண்ணினீர்கள். இப்போது யோசித்துப் பார்த்தால் பல இடங்களில் இந்த மூன்றில் ஒன்றுகூட உருப்படியாக இருக்கவில்லை. வெனிஸ் எழுந்தது உப்பங்கழிச் சேற்றில். மலாக்கா தொடக்கத்தில் சில மீனவக் குடிசைகள். கிழக்கு ஆபிரிக்கக் கரையில் கில்வா என்பது ஒரு சின்னத் தீவு. அந்தத் தீவில்தான் பவளக் கல்லால் மாளிகை கட்டி, உள்நாட்டுப் பொன்னையும் தந்தத்தையும் கடலுக்கு அனுப்பிக்கொண்டு தனி அரசாக நிமிர்ந்து நின்றார்கள். உழுவதற்கு நிலம் இல்லாதவர்கள் கடலை நம்பிப் பிழைத்தார்கள், அவ்வளவுதான்.

அப்படியானால் எது அவர்களை வளர்த்தது? நான் சொல்வேன், காற்று. சோளகம் அடிக்கும்போது ஒரு திசையில் போகலாம், வாடை அடிக்கும்போது மறு திசையில் வரலாம். இடையில் வந்து சேர்ந்தவன் நினைத்த நேரத்தில் திரும்ப முடியாது, மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அவனுக்குப் படுக்க இடம் வேண்டும், சரக்கு வைக்கக் கிட்டங்கி வேண்டும், கும்பிட ஓர் இடம் வேண்டும், செத்தால் புதைக்கவும் ஓர் இடம் வேண்டும். எந்த ஊர் இதையெல்லாம் முகம் சுளிக்காமல் கொடுத்ததோ அந்த ஊர் நகரமாயிற்று. வந்தவர்களில் சிலர் கலியாணம் கட்டி அங்கேயே தங்கிவிட்டார்கள். அவர்களுடைய பிள்ளைகள்தான் பிறகு அந்த நகரத்தின் பெரிய மனிதர்கள்.

மலாக்காவில் வந்திறங்கும் வணிகர்களைக் கவனிக்க நான்கு துறைமுக அதிகாரிகள் இருந்தார்கள். குஜராத்திகளுக்கு ஒருவர், சீனர்களுக்கு ஒருவர், நம்முடைய கடல் பக்கத்திலிருந்து போனவர்களுக்கு ஒருவர், சுற்றுவட்டத் தீவுக்காரர்களுக்கு ஒருவர். கப்பல் வந்ததும் அவர் போய், அவர்களுடைய மொழியிலேயே கதைத்து, கிட்டங்கி காட்டி, அரசனிடம் கூட்டிக்கொண்டு போவார். நீ திரும்பிப் போவாய் என்பதற்கு என்ன அத்தாட்சி என்று அவர் கேட்டதாக நான் எங்கும் வாசிக்கவில்லை. திருப்பி அனுப்புகிற வேலையைக் காற்று பார்த்துக்கொண்டது.

நம்முடைய பழைய துறையான மாந்தையும் அந்த மாதிரி ஊர்தான். தனி அரசு என்று சொல்ல முடியாது, உள்ளே தள்ளி ராசா இருந்தான். ஆனால் பழக்கவழக்கம் எல்லாம் அந்த நகரங்களுடையதே. பெரிய கப்பல்கள் நம்முடைய ஆழமில்லாத கடலைத் தாண்ட மாட்டாமல், கிழக்கிலிருந்து வந்தவையும் மேற்கிலிருந்து வந்தவையும் அங்கே நின்று சரக்கை மாற்றிக்கொண்டன. மழை பெய்து ஓய்ந்ததும் நிலத்தில் சின்னச் சின்னக் கண்ணாடி மணிகள் மினுங்கும். சூசையும் நானும் பொறுக்கியிருக்கிறோம். அவன் பொறுக்கிவிட்டு, கொஞ்ச நேரம் உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு, திரும்ப அதே இடத்தில் போட்டுவிடுவான். ஏனடா என்று கேட்டால், துலைச்சவன் தேடி வந்தால் என்ன செய்யிறது என்பான். ஆயிரம் வருடம் கழித்து எந்தச் சீனன் தேடி வரப்போகிறான் என்று நான் சிரிப்பேன்.

இன்னுமொன்றைக் கட்டாயம் சொல்லவேண்டும். எந்தக் கப்பலும் வெறுமையாகத் திரும்பக் கூடாது. கொண்டுவந்த சரக்கில் பாதி லாபம்தான், கொண்டுபோகிற சரக்கில்தான் மீதி. திரும்பிப் போகும்போது நிரப்பி அனுப்ப எதுவும் இல்லாத துறைக்கு அடுத்த முறை கப்பல் வராது. நான் இதைப் புத்தகத்தில் படிப்பதற்கு முன்னமே எங்கள் குசினியில் படித்தேன்.

3

எங்கள் வீடுகளில் யாராவது ஏனத்தில் ஏதாவது தந்துவிட்டால் அதை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்க மாட்டோம். உங்களுக்குத் தெரியாததா. கழுவி, துடைத்து, ஒன்றுமில்லாவிட்டால் ஒரு பிடி உப்பாவது போட்டுத்தான் கொடுப்போம்.

நான் மெல்பேர்ண் வந்த அடுத்த வருடம் சூசைக்கு ஒரு பிஸ்கற் ரின் அனுப்பினேன். சதுரமான பெரிய தகர ரின், மூடியில் கங்காரு படம். ஊருக்குப் போன ஒருவர் கொண்டுபோய்க் கொடுத்தார். அவர் திரும்பி வரும்போது அதே ரின் என் வீட்டுக்கு வந்தது, உள்ளே பனங்கிழங்கைக் காயவைத்த ஒடியலும் கருவாடும். அடுத்த வருடம் நான் நிரப்பினேன், அவனும் நிரப்பினான். இருபது வருடத்துக்கு மேல் அந்த ரின் இப்படிக் கடலைத் தாண்டிக்கொண்டிருந்தது. மூடியிலிருந்த கங்காருவின் வால் எப்போதோ அழிந்துபோயிற்று. வால் இல்லாத பிராணியை அவன் முயல் என்றுதான் சொல்வான்.

மகள் ஷெரின் சின்னவளாக இருந்தபோது, முயல் ரின் வந்தது என்றால் ஓடிவந்து மூடியைத் திறப்பாள். இப்போது சிட்னியில், ஹோம்புஷில் இருக்கிறாள். கருவாட்டு மணம் ஃபிளாட்டில் மற்றவர்களுக்குப் பிடிக்காது என்று எடுத்துக்கொண்டு போவதில்லை. குற்றமாகச் சொல்லவில்லை. அவளுக்கு அவளுடைய துறைமுகம்.

4

இப்போது நான் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். இதற்காகத்தான் இவ்வளவு சுற்றினேன்.

நோபல் பார்க்கில் என்னை ‘ஃபோம் அன்ரி’ என்பார்கள். சனிக்கிழமை என்றால் என் குசினிக்குள் நாலு பேராவது ஃபைலோடு இருப்பார்கள். விசா, பென்ஷன், பள்ளிக்கூட அனுமதி, எந்தப் படிவம் வந்தாலும் நிரப்பிக் கொடுப்பேன். ஒருவரிடமும் ஒன்றும் வாங்குவதில்லை. ஆனால் பெருமை வாங்கிக்கொண்டேன், அதை மறைப்பானேன். ஒரு சட்டத்தரணியிடம் காட்டுங்கோ அன்ரி என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

இந்த வித்தையை நான் படித்தது அகதி விசாரணையில். வந்த புதிதில் என் கதையைச் சுருக்கமாகச் சொன்னேன். மானம் பார்த்தேன். ரீச்சராக இருந்தவ எப்படி முன்பின் தெரியாத ஆளின் முன் அழுவது? விண்ணப்பம் இழுபட்டது. பிறகு உதவிக்கு வந்த ஒரு பெண் சொல்லித் தந்தாள், உங்களிடம் என்ன இருந்தது என்று சொல்லாதீர்கள், என்ன இல்லாமல் போனது என்று சொல்லுங்கள் என்று. வீடு போனதைச் சொன்னேன். அப்பாவைப் புதைத்த இடம் தெரியாததைச் சொன்னேன். கதவு திறந்தது. அன்றிலிருந்து எந்த அரசாங்கக் கந்தோர் மேசைக்கு முன்னாலும் எனக்கு அந்த ஒரு பேச்சுத்தான் வரும், இல்லை, இல்லை, இல்லை. எங்கள் ஆட்களுக்கெல்லாம் அப்படித்தான். எல்லோருக்கும் அதையே எழுதிக் கொடுத்தேன், அகதி விண்ணப்பங்களுக்கு அது சரியாகவும் வந்தது.

கணவர் இறந்த பிறகு, இரண்டு வருடத்துக்கு முன், சூசையை மூன்று மாதத்துக்கு இங்கே கூப்பிட்டுப் பார்க்க ஆசைப்பட்டேன். வெறும் விசிற்றர் விசா. ஃபோமை நானே நிரப்பினேன், கூடவே ஒரு கடிதமும் எழுதினேன். என் தம்பிக்கு மனைவி இல்லை, பிள்ளைகள் இல்லை. தாய் தகப்பன் இல்லை. எங்கள் வீடு போரில் கூரை இழந்தது. அவனுக்கு அங்கே யாருமில்லை. இந்த உலகத்தில் நான் ஒருத்திதான் இருக்கிறேன், இரக்கம் காட்டுங்கள். எழுதி முடித்து வாசித்தபோது எனக்கே கண் கலங்கியது. நல்ல கடிதம் என்று நினைத்தேன்.

மறுத்துவிட்டார்கள். மறுப்புக் கடிதத்தை நான் மூன்று தரம் வாசித்தும் விளங்கவில்லை, அல்லது விளங்கிக்கொள்ள மனம் வரவில்லை. ஷெரினுக்குப் படம் பிடித்து அனுப்பினேன். அவள் ரெயிலில் வேலைக்குப் போய்க்கொண்டே வாசித்துவிட்டு ஃபோன் எடுத்தாள்.

“அம்மா, விசிற்றர் விசாவுக்கு இப்பிடி எழுதுறேல்லை. திரும்பிப் போக அவருக்கு அங்க லைஃப் இருக்கெண்டு காட்டோணும். யூ டோல்ட் தெம் ஹி ஹாஸ் நோபடி.”

அவள் கோபமாகச் சொல்லவில்லை. ஸ்டேஷன் பெயரை அறிவிக்கும் சத்தம் நடுவில் கேட்டது. மாமாவுக்கு நீயே சொல்லிவிடு என்றாள். ஓம் என்றேன்.

யாருமில்லையாம். வள்ளத்தில் பாதி அவனுடையது. லம்பேட் சகோதரன் மாதிரி. கோயில் திருநாளில் கொடி தூக்குவது அவன். மீனவர் சங்கத்தில் யாருக்கு என்ன சண்டை வந்தாலும் அவன் வீட்டு வாசலில்தான் தீர்ப்பு. லம்பேட்டின் பிள்ளைகள் அவனிடம் சாப்பிட்டு வளர்ந்தவர்கள். ஊரிலிருந்து வருகிற எவரும் முதலில் சொல்வது சூசையண்ணை செய்த ஏதாவது ஒரு பகிடியாக இருக்கும். இவ்வளவையும் வைத்துக்கொண்டு, யாருமில்லை என்று நான் எழுதினேன். திரும்பிப் போக அவனுக்கு இருந்த ஊர் முழுவதையும் ஒரு வரியில் அழித்தேன்.

5

அன்றே சூசை ஃபோனில் கூப்பிட்டான். என்னவாம் அக்கா என்றான். சரியாகச் சொல்ல எனக்கு ஒரு நிமிடம் இருந்தது. ஃபோம் அன்ரி பிழையாக எழுதிவிட்டாள் என்று சொல்ல வாய் வரவில்லை.

“உன்ரை கையெழுத்து ரெண்டு இடத்திலை ரெண்டு மாதிரிக் கிடக்காம்” என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றைக்கும் தெரியாது. அவன் ஐந்தாம் வகுப்போடு கடலுக்குப் போனவன். கையெழுத்துப் போடும்போது நாக்கைக் கடித்துக்கொண்டுதான் போடுவான். அந்தப் பலவீனம் எனக்குத் தெரியும், அதனால் அது நாவுக்குக் கிட்ட இருந்திருக்க வேண்டும்.

“ஓம் அக்கா, வள்ளம் தள்ளுற நேரம் பேப்பரைக் கொண்டந்தவங்கள். அவசரத்திலை போட்டிட்டன். என்னிலை குறை நினையாதை” என்றான். என்னிடம் மன்னிப்புக் கேட்டான். நானும் பரவாயில்லை என்று மன்னித்துவிட்டேன். இதை எழுதும்போது எனக்கு என் கையையே பார்க்கப் பிடிக்கவில்லை.

அதற்குப் பிறகு இரண்டு மூன்று தரம், விசாவுக்குத் திரும்பப் போட்டுப் பார்ப்பமோ, இந்த முறை கையெழுத்தை வடிவாப் போடுவன் என்று கேட்டான். இப்போது கெடுபிடி, பொறு என்றேன். அப்ப நீ வாவன் அக்கா என்றான். முழங்கால் என்றேன், குளிர் போகட்டும் என்றேன், ஷெரினுக்கு லீவு இல்லை என்றேன். முழங்காலில் நோவு இருந்தது உண்மை. ஆனால் நான் போகாததற்கு முழங்கால் காரணமில்லை. அவன் முகத்துக்கு எதிரே கதிரையைப் போட்டு உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டு அந்தப் பொய்யைக் காப்பாற்ற என்னால் முடியாது. சொல்லவும் முடியாது. அதனால் போகவில்லை. இரண்டு வருடம் அப்படிப் போயிற்று. போக ஒரு தடையும் இல்லாதவள் நான். கடவுச்சீட்டில் முத்திரை குத்தி யாரும் என்னை மறிக்கவில்லை. நானேதான் மறித்துக்கொண்டேன்.

6

கரையில் வலையைச் சரிசெய்துகொண்டிருந்தவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தானாம். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் முடிந்துவிட்டது. லம்பேட் கூப்பிட்டுச் சொன்னபோது நான் ஷெரினுக்கு அனுப்ப அரைத்த மிளகாய்த்தூளைப் போத்தலில் போட்டுக்கொண்டிருந்தேன். கேட்டுவிட்டுப் போத்தலை மூடி, பெயரும் எழுதி ஒட்டினேன். பிறகுதான் நிலத்தில் உட்கார்ந்தேன்.

அடுத்த நாளே அடக்கம். எந்த விமானத்தில் ஏறினாலும் போய்ச் சேர முடியாது. அடக்கத்தை லம்பேட்டின் மகன் ஃபோனில் நேரடியாகக் காட்டினான். ஷெரின் சிட்னியிலிருந்து வந்து பக்கத்தில் இருந்தாள். நீங்களும் அங்கே நின்றிருப்பீர்கள், உங்களுக்கு நான் விபரிக்கத் தேவையில்லை. ஆனால் நான் பார்த்ததைச் சொல்லவேண்டும். அன்று ஒரு வள்ளமும் கடலில் இறங்கவில்லை. எல்லாம் கரையில் வரிசையாகக் கிடந்தன. பள்ளிக்கூடப் பிள்ளைகள் வெள்ளைச் சட்டையோடு வந்தார்கள். பெட்டியைத் தூக்க ஆள் மாறி ஆள் மாறி, ஒவ்வொருவரும் கொஞ்சத் தூரமாவது தோள் கொடுக்கவேண்டும் என்று இழுபட்டார்கள். சந்தியில் முஸ்லிம் கடைக்காரர்கள் கடையை மூடிவிட்டு நின்றார்கள். ஆட்களை எண்ணத் தொடங்கினேன், பிறகு விட்டுவிட்டேன்.

ஷெரின் என் கையைப் பிடித்துக்கொண்டு, “ஸோ மெனி பீப்பிள், அம்மா” என்றாள். ஆறுதலாகத்தான் சொன்னாள். எனக்கு அது எங்கே போய்க் குத்தியது என்று அவளுக்குத் தெரியாது. அல்லது தெரிந்தும் இருக்கலாம். அவள் என்னைப்போல எல்லாவற்றையும் வாயால் சொல்கிறவள் இல்லை.

7

அந்த முயல் ரின்னை, போய்வருகிறவர்கள் யாரும் கிடைக்காததால், இந்த முறை சூசை ஒரு பெட்டிக்குள் வைத்துக் கப்பலில் போட்டிருந்தான். எனக்குச் சொல்லவில்லை. பெட்டி கடலில் வந்துகொண்டிருக்கும்போது அவன் போய்விட்டான். அனுப்பியவன் மண்ணுக்குள் போன பிறகு சரக்கு துறைக்கு வந்தது. அந்தக் காலத்திலும் இப்படி எத்தனையோ வந்திருக்கும்.

பரிசோதனைக்காரரின் கடிதத்தில் இருந்தது இதுதான். ஒடியலில் பூச்சி கண்டிருக்கிறார்கள். இந்த நாட்டுக்குள் விட முடியாது. ஒன்று அழிக்கவேண்டும், அல்லது வந்த இடத்துக்கே திருப்பி அனுப்பவேண்டும். எது என்று தெரிவித்துக் கையெழுத்திட்டு அனுப்பவும். நான் கூப்பிட்டேன். கதைத்தது ஒரு இளம் பெண், மரியாதையான பிள்ளை. ரின்னையாவது தரலாமா என்று கேட்டேன். எல்லாம் சேர்ந்து கிடப்பதால் பிரித்துத் தர வழியில்லை என்றாள். அனுப்பியவர் என் தம்பி, அவர் இறந்துவிட்டார் என்று சொன்னேன். அவள் வருத்தம் தெரிவித்துவிட்டு, உள்ளே இருப்பதைப் படமெடுத்து வைத்திருக்கிறோம், வேண்டுமானால் அனுப்பட்டுமா என்று கேட்டாள். அவள் அதைச் செய்யவேண்டிய அவசியமே இல்லை.

படங்கள் வந்தபோது ஷெரின் கிழமைக்கடைசிக்கு வந்திருந்தாள். அவளுடைய கணினியில் பெரிதாக்கிப் பார்த்தோம். முதல் படம் மூடி. வாலில்லாத கங்காரு. இரண்டாவது படத்தில் ஒடியல், பனம்பழக் களியில் காயவைத்த பனாட்டு, ஒரு பொட்டலம் கருவாடு. எல்லாவற்றையும் பள்ளிக்கூடக் கொப்பித் தாளில் சுற்றியிருந்தான். மூன்றாவது படத்தில் அந்தத் தாள்களை விரித்து வைத்திருந்தார்கள்.

ஷெரின் திரையில் விரலை வைத்து, “வாட்ஸ் திஸ் டிசைன், அம்மா? வடிவாயிருக்கு” என்றாள்.

அவளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. நான் பழக்கவில்லை. ஊருக்கே எழுத்தறிவித்தவளின் மகள்.

அது டிசைன் இல்லை. ம. சூசை. ம. சூசை. ம. சூசை. ஒற்றை றூல் தாளில் மேலிருந்து கீழ்வரை, ஒரு வரிக்கு நாலு. ஒரு தாளில் இல்லை, விரித்திருந்த அத்தனை தாளிலும். ஒரு தாளின் மேல் வரிகளில் எழுத்துகள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நின்றன, ‘சூ’ கோட்டுக்குக் கீழே சரிந்திருந்தது. கீழே வரவர அடங்கின. இன்னொரு தாளில் எல்லாம் ஒரே அளவு, ஒரே சாய்வு. எதை எடுத்து எதோடு வைத்துப் பார்த்தாலும் ஒரு வித்தியாசமும் இல்லை. எந்த அதிகாரியும் குறை சொல்ல முடியாத கையெழுத்து.

என்ன எழுதியிருக்கிறது என்று ஷெரின் கேட்டாள். மாமாவின் பெயர் என்றேன். ஏன் இத்தனை தரம் என்று கேட்டாள். அப்போதுதான் அவளுக்குச் சொன்னேன், கையெழுத்துப் பொய்யையும், அவளிடம் ஓம் என்று சொன்ன பொய்யையும். அவள் கணினியை மூடவில்லை. எழுந்து போய்த் தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்தாள். திரும்பி வந்து, நீ எனக்குக் கோபம் காட்டவும் இடம் வைக்கவில்லை என்ற கருத்தில் ஆங்கிலத்தில் ஏதோ சொன்னாள். பிறகு பக்கத்தில் உட்கார்ந்து, திரையில் ஒரு ‘சூ’வை விரலால் மெதுவாகத் தடவி, “இது எப்பிடி எழுதுறது?” என்று கேட்டாள். என்னால் சொல்லிக் கொடுக்க முடியவில்லை.

8

இன்று மத்தியானம் ஃபோமை எடுத்து வைத்தேன். எத்தனை ஆயிரம் ஃபோம் நிரப்பிய மேசை. அழிப்பதா, திருப்பி அனுப்புவதா. திருப்பி அனுப்புவதென்றால் கீழே ஒரு கேள்வி: அங்கே பெற்றுக்கொள்வதற்கு யாராவது இருக்கிறார்களா? இருந்தால் பெயரும் விலாசமும்.

நீங்கள் கேட்ட கட்டுரையின் முடிவுரை இங்கேதான் இருக்கிறது. கப்பலும் காற்றும் முத்தும் தந்தமும் எல்லாம் பிறகு. மலாக்காவிலிருந்தாலும் கில்வாவிலிருந்தாலும் கப்பல்காரன் பாயை விரிக்குமுன் கேட்டிருக்கக் கூடியது இந்தக் கேள்வியைத்தான். அந்தக் கரையில் யார் நிற்கிறார்கள்? கரையில் ஆள் நின்றால்தான் அது துறை. இல்லாவிட்டால் வெறும் மணல். இருபது வருடமாக எனக்காகக் கரையில் நின்றவனை நான் இல்லாதவர்களின் கணக்கில் எழுதி அனுப்பினேன்.

லம்பேட்டைக் கூப்பிட்டேன். அங்கே காலை. சோளகம் இரைவது ஃபோனுக்குள் கேட்டது. பெட்டியைத் திருப்பி அனுப்பினால் கொழும்புக்குப் போய் எடுத்து வருவீரா என்று கேட்டேன். ஓம் ரீச்சர், எப்ப எண்டு சொல்லுங்கோ என்றான். உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியுமா என்றேன். தெரியும் என்றான்.

“அந்தக் கொப்பியளை நான்தான் வாங்கிக் குடுத்தனான் ரீச்சர். ஒண்டு முடிய இன்னொண்டு கேப்பான். அக்கா அங்க எல்லாருக்கும் ஃபோம் நிரப்பிக் குடுக்கிற ஆள், என்னாலை அவவுக்கு வெக்கக்கேடாப் போச்சு எண்டு சொல்லுவான்.”

பூசை வைக்கிற சாமியாரிடம் சொல்லாததை அவனிடம் சொன்னேன். கையெழுத்தில் ஒரு பிழையும் இருக்கவில்லை, மறுத்தது நான் எழுதிய கடிதத்தால் என்று சொன்னேன். காற்று மட்டும் கேட்டது. வைத்துவிட்டானோ என்று நினைத்தேன்.

“என்னெண்டு எழுதினியள் ரீச்சர்?”

“அவனுக்கு அங்கை ஒருத்தரும் இல்லையெண்டு எழுதினன் லம்பேட்.”

என்னைத் திட்டுவான் என்று காத்திருந்தேன். திட்டியிருக்கலாம். அவன் குரலில் கோபம் இல்லை. ஏதோ கணக்கு விளங்காமல் கேட்கிற மாதிரிக் கேட்டான்.

“நாங்கள் இருந்தனாங்கள்தானே ரீச்சர்?”

ஓம் என்றேன். பிறகு அவன், வள்ளம் தள்ள வேணும், போயிட்டு வாறன் என்று வைத்துவிட்டான்.

ஃபோமில் இருக்கிறார்கள் என்ற இடத்தில் அடையாளம் போட்டேன். பெறுநர் என்ற இடத்தில் லம்பேட்டின் பெயரை எழுதினேன். ஒரு பெயருக்குத்தான் அந்தக் கோட்டில் இடமிருந்தது.